இணைப்பில் இருங்கள்

இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. மணி ஐந்து இருபது. "செவிலியர் சங்கத்தின் சார்பில் திருநெல்வேலியிலிருந்து பியூலா இணைப்பில் இருக்கிறார்" என்று நெறியாளர் தொடக்கத்தில் ஒருமுறை சொன்னார், நான் கைகூப்பினேன், கூப்பிய கையை இறக்குவதற்குள் என் கட்டத்தைச் சிறியதாக்கி மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். இருபது நிமிடமாக என் முகம் அந்த மூலையில் தபால்தலை அளவில் இருக்கிறது. அசையக் கூடாது, கண்ணாடியைத் துடைக்கக் கூடாது, மூக்கைச் சொறியக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்குவார்களாம், காலையில் பேசிய அந்தத் தொலைக்காட்சிப் பெண் சொன்னாள், வேறு போன் வந்தால் எடுத்துவிடாதீர்கள் மேடம், எடுத்தால் வீடியோ போய்விடும் என்றாள். சமையலறை மேடையில் அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன், என் வீட்டுக்காரர் ஞானசிங்தான் வைத்துக்கொடுத்தார். பின்னால் அடுப்பும் சிலிண்டரும் தெரியாமல் ஒரு நீலப் போர்வையைக் கட்டினார், சத்தம் வருமென்று ஃபேனை நிறுத்தினார், பிள்ளை ரின்சியை மாடி வீட்டில் விட்டுவிட்டு வந்தார், இப்போது முன்னறையில் டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அங்கே நான் எப்படித் தெரிகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசலில் தலையை நீட்டிக் கொஞ்சம் சிரி என்பதுபோலச் சைகை காட்டுகிறார். எதற்குச் சிரிக்க. முதுகில் வியர்வை கோடாக இறங்குகிறது. வெள்ளைக் கோட்டோடு உட்காருங்கள் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள், வீட்டுக்குள் இந்தக் கோட்டைப் போட்டு நான் உட்கார்ந்ததே இல்லை, வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே கழற்றி வாளியில் போடுகிறவள் நான், இன்றைக்கு இதைப் போட்டுக்கொண்டு உப்பு டப்பாவுக்கும் புளி டப்பாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அது என்னவோ யாரோ செத்த வீட்டுக்குச் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு போனதுபோல உறுத்துகிறது. செத்த வீடு. நேற்று நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுத்துவிட்டார்களாம், நான் போகவில்லை.

ஓய்வுபெற்ற அதிகாரி பேசுகிறார். நல்ல குரல், அவசரமில்லாத குரல். நர்ஸ் வேலை ஒரு சேவை, அதை ஃபேக்டரி வேலை மாதிரி நினைக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது தொகுப்பூதியம் என்று தெரிந்துதானே போட்டீர்கள், இப்போது நோயாளியைப் பணயம் வைத்துக் கேட்பது நியாயமா என்கிறார். சேவை. இந்த வார்த்தையை எங்களிடம் சொல்லும்போது மட்டும் எல்லாருக்கும் குரல் குழைகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று அதே தாளில்தான் எழுதியிருந்தது, அதைச் சொல்ல வேண்டும், கூப்பிட்டால் முதலில் அதைச் சொல்ல வேண்டும், வளர்மதி மேடம் எழுதிக்கொடுத்த தாளில் அதுதான் முதல் குறிப்பு. மேடம்தான் சங்கச் செயலாளர், நீ நிதானமாகப் பேசுவாய் பியூலா, நானென்றால் கத்திவிடுவேன், நீ உட்கார் என்றார். ஒரே டயாலிசிஸ் அறை, ஒரே நான்கு மெஷின், ஒரே ஊசி, பக்கத்தில் நிற்கிற நிரந்தரப் பணி அக்காவுக்குக் கிடைப்பதில் பாதிகூட எனக்கில்லை, அது இரண்டாவது குறிப்பு. பேறுகால விடுப்புக்குச் சம்பளம் கிடையாது, மூன்றாவது. அதைப் படிக்கும்போதெல்லாம் மார்பு கனக்கிறது, மூன்று வருஷம் ஆகியும் கனக்கிறது. ரின்சியைப் பெற்ற நாற்பத்திரண்டாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். பத்து மணிக்கெல்லாம் பால் கட்டிக்கொண்டு கோட்டின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்துவிட்டது, ஃபைலை அணைத்துக்கொண்டு மறைத்தபடியே மெஷின் மெஷினாகப் போனேன், மூன்றாவது கட்டிலில் இருந்த மாசானம் அண்ணாச்சி பார்த்துவிட்டார். பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "சிஸ்டரு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குக் கொடுத்துட்டு வா. நான் நாலு மணி நேரம் இங்கனதான கெடக்கப் போறேன், எங்க ஓடிரப் போறேன்" என்றார். நான் போகவில்லை. கழிப்பறைக்குப் போய் வாஷ்பேசினில் பாலைப் பீச்சிவிட்டு வந்தேன். எங்க ஓடிரப் போறேன் என்று அவர் சொன்னது.

அவரை நினைக்கக் கூடாது, இப்போது கூடாது. தாளைப் பார். நான்காவது குறிப்பு, போராட்டத்தின்போது அவசர சிகிச்சை எதுவும் நிறுத்தப்படவில்லை. வளர்மதி மேடம் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். உண்மைதான், நிறுத்தவில்லை. வேளைக்கு ஓர் ஆளை விட்டுவிட்டுத்தான் வெளியே போனோம். ஓர் ஆளால் நான்கு மெஷினைப் பார்க்க முடியாது, இரண்டைத்தான் ஓட்ட முடியும், ஆகவே பாதிப் பேரை இரண்டு நாள் தள்ளிப் போட்டோம். அதற்குப் பேர் நிறுத்துவதில்லை, ஒத்திவைப்பது. ஒத்திவைப்பு என்று ரிஜிஸ்டரில் எழுதியது என் கையெழுத்து. புதன்கிழமை சாயங்காலம் யாரைத் தள்ளலாம் யாரைத் தள்ளக் கூடாது என்று பட்டியல் போடச் சொன்னார்கள், நோயாளிகளை நன்றாகத் தெரிந்தவள் நீதான் பியூலா என்றார்கள். தெரிந்தவள்தான். நாற்பத்தோரு பேரையும் கைகளை வைத்தே தெரியும், முகத்தை மூடிவிட்டுக் கையை மட்டும் நீட்டச் சொன்னால் பேர் சொல்லிவிடுவேன். முழங்கைக்குப் பக்கத்தில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள், பிஸ்டுலா என்பார்கள், அதன் மேல் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் சர்ரென்று ஓடுவது தெரியும், ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வொரு மாதிரி, மாசானம் அண்ணாச்சிக்குத் தேனீக்கூட்டில் கை வைத்ததுபோல இருக்கும். கழுகுமலைப் பக்கத்துக் கரிசக்காட்டுக்காரர், திருநெல்வேலிக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருஷம் தண்ணி லாரி ஓட்டியவர். ஊருக்கெல்லாம் தண்ணி கொண்டுபோய் ஊற்றினேன், எனக்கு இப்போ ஒரு நாளைக்கு மூணு டம்ளர்தான்னு எழுதிட்டான் பாத்தியா என்று சிரிப்பார். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நாலு வருஷம். ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார், அப்படிப் பிடித்தால் எடை குறையும் என்று நினைப்பு, எத்தனை குடிச்சிய அண்ணாச்சி என்றால் ஆவுடையக்காவைக் கைகாட்டுவார், அந்த அக்கா வாசலில் நின்றுகொண்டு நாலு விரலை நீட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசி ஒரு மாசமாக எடை ஏறவே இல்லை. பேச்சைக் கேட்டு நடந்தார். நடந்ததால்தான் எழுதினேன். தாங்குவார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெள்ளிக்கிழமையை அடித்து ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினேன். பேச்சைக் கேட்காமல் இஷ்டத்துக்குத் தண்ணி குடித்துக் கால் வீங்கி வந்தவர்களை எல்லாம் வெள்ளிக்கிழமையே வைத்தேன், சொன்னபடி இருந்தவரைத் தள்ளிவிட்டேன். சரியாகத்தான் செய்தேன், எந்த டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார், சரியாகத்தான் செய்தேன். அப்புறம் ஏன் இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன், தாங்குவார் என்ற இடம் வந்ததும் கால் தடுக்குகிறது, எழுந்து மறுபடியும் புதன்கிழமைக்கே போகிறேன், மறுபடியும் பேனா கையில் இருக்கிறது.

சனிக்கிழமை காலை போன் பண்ணினார். ஆஸ்பத்திரிக்கு எதிரில் பந்தலில் உட்கார்ந்திருந்தேன், மைக்கில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "மூச்சு லேசா எறைக்கு சிஸ்டரு" என்றார். தண்ணி குடிச்சியளா என்றேன். ஒரு வாய்தான் என்றார். "நாளைக்குக் காலையில மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சி, கூடிச்சின்னா உடனே இங்க வந்துருங்க" என்றேன். அதற்கு அவர் ஏதோ சொன்னார், நீளமாக ஏதோ சொன்னார், சரியாக அந்த நேரம் பந்தலில் எல்லாரும் கையைத் தூக்கி நிரந்தரமாக்கு நிரந்தரமாக்கு என்றார்கள், ஒரு காதைப் பொத்திக்கொண்டு என்ன அண்ணாச்சி என்ன அண்ணாச்சி என்றேன், சரிம்மா வச்சிருதேன் என்பது மட்டும் கேட்டது. நடுவில் என்ன சொன்னார். லேசா எறைக்கு என்றால் அவர் பாஷையில் நிறைய என்று எனக்குத் தெரியாதா. ஊசி குத்தும்போது வலிக்கா என்றால் எறும்பு கடிச்ச மாதிரி என்கிற மனுஷன். அப்போதே எழுந்து உள்ளே போயிருக்கலாம். போயிருந்தால் பந்தலில் இருந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள், ஒருத்தி உள்ளே போனால் பத்துப் பேர் போவார்கள், எல்லாருக்கும் உள்ளே ஒரு மாசானம் அண்ணாச்சி இருக்கத்தானே செய்கிறார்கள், ஒவ்வொருத்தியும் ஒருவருக்காகப் போனால் அப்புறம் இன்னும் பதினோரு வருஷம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இட்லிக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் வளர்மதி மேடம் கூப்பிட்டுச் சொன்னார், பியூலா, உங்க யூனிட் ஆள் ஒருத்தர் தவறிட்டார், பத்திரிகைக்காரன் யாராவது கேட்டால் எதுவும் சொல்லாதே. யார் என்று கேட்கவில்லை நான். கேட்காமலே தெரிந்தது. மாவுக்கையோடு அப்படியே நின்றேன்.

குரல் கூடுகிறது. கட்சிக்காரர் மேசையைத் தட்டுகிறார், சமூக ஆர்வலர் என்று பேர் போட்டிருக்கிறவர் குறுக்கே பேசுகிறார், அதிகாரி சிரிக்கிறார், எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து மூடுகிறது. உங்கள் ஆட்சியில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினீர்கள், நாங்கள் கமிட்டி போட்டோம், கமிட்டி என்ன ஆனது, அதைக் கேட்க உங்களுக்கு யோக்கியதை உண்டா. இவர்கள் எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எனக்கு ஆதரவாகப் பேசுகிற ஆர்வலரும் எங்களைத் தேவதைகள் என்கிறார், கொரோனாவில் பூத் தூவினார்களே என்கிறார். பூத் தூவினார்கள். அந்தப் பூவை நாங்கள்தான் பெருக்கினோம். தண்ணீர் வேண்டும்போல இருக்கிறது, டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, எடுத்தால் திரையில் தெரியும். "சரி, சனிக்கிழமை நடந்ததற்கு வருகிறேன்" என்கிறார் நெறியாளர். திரையில் ஒரு படம் வருகிறது. ரேஷன் கார்டுக்கு எடுத்த படம்போல, நிமிர்ந்து, சட்டையின் மேல் பொத்தான் போட்டு. மாசானமுத்து, வயது ஐம்பத்தாறு, கூலித் தொழிலாளி, செவிலியர் போராட்டத்தால் உயிரிழந்தவர். அதற்குக் கீழே சிவப்புப் பட்டையில் உயிருக்கு யார் பொறுப்பு என்று ஓடுகிறது. அவர் இப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை, எப்போதும் படுத்துத்தான் பார்த்திருக்கிறேன், நாலு வருஷமும் மேலிருந்துதான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதிகாரி இது கொலைக்குச் சமம் என்கிறார். கட்சிக்காரர் இதை வைத்து அரசியல் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் அவரைப் பற்றியே பேசுகிறார். மாசானமுத்து மாசானமுத்து என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நெறியாளர் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்துகிறார். "இதற்குப் பதிலை பியூலா அவர்களிடமே கேட்டுவிடுவோம். ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு. இணைப்பில் இருங்கள்." ஞானசிங் வாசலுக்கு ஓடிவந்து உன்னைத்தான் உன்னைத்தான் என்று விரலை நீட்டுகிறார்.

நான்காவது குறிப்பைச் சொல்ல வேண்டும். அவசர சிகிச்சை எதுவும் நிறுத்தப்படவில்லை, நடந்தது வருத்தத்துக்குரியது, அதற்கும் போராட்டத்துக்கும் தொடர்பில்லை. தொடர்பில்லை என்பதை அழுத்திச் சொல் என்றார் மேடம். தொடர்பு உண்டு என்று நான் சொன்னால் என்ன ஆகும், பந்தலில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் நாளைக்கே நோட்டீஸ் வரும், பிள்ளைகளைக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே அத்தனை பேருக்கும். தொடர்பில்லை என்று சொன்னால். சொன்னால் அந்தக் கை என்ன ஆகும், விரலுக்கடியில் தேனீ மாதிரி ஓடியதே. விளம்பரம் முடிந்துவிட்டது. "வணக்கம் பியூலா, நேரடியாகக் கேட்கிறேன்" என்கிறார் நெறியாளர், என் கட்டம் பெரிதாகிறது, என் முகம் எவ்வளவு கறுத்துப் போயிருக்கிறது, "மாசானமுத்துவின் மரணத்துக்கு நீங்கள் பொறுப்பேற்கிறீர்களா?" வாயைத் திறந்தேன். அப்போதுதான் போன் அதிர்ந்து திரையின் மேல்பக்கம் பேர் வந்தது. மாசானம் அண்ணாச்சி செவ்வாய் வெள்ளி. நான்தான் அப்படிப் பதிந்து வைத்திருந்தேன், எல்லாரையும் அவரவர் கிழமையோடுதான் பதிந்து வைத்திருக்கிறேன். செத்தவர் கூப்பிடுகிறார் என்றுதான் ஒரு கணம் தோன்றியது, அடுத்த கணம் ஆவுடையக்கா என்று புரிந்தது. சிவப்பை அழுத்தினால் நெறியாளர், பச்சையை அழுத்தினால் அந்த அக்கா. "பியூலா, கேட்கிறதா? பதில் சொல்லுங்கள்." நேற்று போகாதவள், நாளைக்கும் போக மாட்டேன், எனக்கே தெரியும், அந்தத் தெருவுக்குள் நுழைய எனக்குத் தைரியம் வராது. பச்சையை அழுத்தினேன்.

"சிஸ்டரு," என்றது ஆவுடையக்காவின் குரல். அழுது அழுது தேய்ந்த குரல். "டிவியில உன்னயத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நீ ஏன் வாயே தொறக்க மாட்டேங்க?" இப்பத்தான்க்கா கூப்பிட்டாங்க என்றேன். "கூலித் தொழிலாளிங்கான். அவிய தண்ணி லாரில்லா ஓட்டுனாவ. அத நீ சொல்லு. அங்கன இருக்கதுல அவியளத் தெரிஞ்சது நீ ஒருத்திதான." சொல்லுதேன்க்கா என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "யக்கா, வெள்ளிக்கிழமை அண்ணாச்சி பேரத் தள்ளிப் போட்டது நான்தான்." "ஆஸ்பத்திரியிலல்லா தள்ளிட்டாவன்னு சொன்னாவ" என்றது அக்கா. "இல்லக்கா. பட்டியல் போட்டது நான். தாங்குவாவன்னு நெனச்சேன்." அவர்கள் வீட்டு டிவியின் சத்தம்தான் போனில் கேட்டது. நெறியாளரின் குரல், "நேயர்களே, கேள்வி கேட்டவுடன் அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார், இதுவே ஒரு பதில்தான்" என்றது, யாரோ சிரித்தார்கள். ஞானசிங் சமையலறைக்குள் வந்து என்ன பண்ணுகிறாய் என்று உதட்டை மட்டும் அசைத்தார், அவருடைய போனைத் தூக்கிக் காட்டினார், அதில் வளர்மதி மேடத்தின் பேர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன். நாற்காலியிலிருந்து இறங்கி மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டேன், தரை குளிர்ச்சியாக இருந்தது.

"நீ போயிட்டன்னு சொல்லுதான் டிவியில" என்றது அக்கா. ம் என்றேன். டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டின் அமைதி முழுக்கப் போனுக்குள் வந்தது. திட்டும், மண்ணை வாரித் தூற்றும், தூற்றட்டும் என்று காதோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா திட்டவில்லை. யாரிடமோ விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல ஆரம்பித்தது. "வந்த பத்திரிகைக்காரனுவ எல்லாம் ஸ்ட்ரைக்குனாலயா செத்தாருன்னு அதையேதான் கேட்டானுவ. என்னா நடந்துச்சுன்னு ஒருத்தனும் கேக்கல. மத்தியானம் ரெண்டு மணிக்கு ரொம்ப எறைச்சிச்சு. படுக்க முடியல, உக்காந்துக்கிட்டே இருந்தாவ. நம்ம அந்தோணி ஆட்டோவுலதான் கொண்டாந்தோம். அவசர வார்டுல உள்ள எடுத்துக்கிட்டாவ, மூக்குல குழாய வச்சாவ, ஒரு சின்ன டாக்டரு, பாவம், அங்கயும் இங்கயும் ஓடுனாரு, டயாலிஸ் போட்டாத்தாம்மா சரியாவும், மேல ஓட்டுத மெஷினு ரெண்டுலயும் ஆளு கெடக்கு, அந்தச் சிஸ்டரு ஒத்தையில நிக்கி, எறங்கி வர முடியாதுன்னாரு. அவிய குழாய இழுத்து விட்டுட்டு எங்கிட்டச் சொன்னாவ, வெளியப் பந்தல்ல பியூலா இருக்கும்ட்டீ, போய்க் கூட்டிட்டு வா, நான் கூப்பிட்டேம்னு சொல்லுன்னாவ." அக்கா மூச்சு வாங்கியது. "வந்தேன் சிஸ்டரு. ரோட்டத் தாண்டி ஓடியாந்தேன். வந்து பாத்தா எல்லாரும் அதே வெள்ளக் கோட்டு, மூஞ்சியில அதே மாஸ்க்கு. எரநூறு முன்னூறு பேரு வரிச வரிசையா. எனக்கு யாரு எவருன்னு அடையாளம் தெரியல. பியூலா பியூலான்னு கத்துனேன், அந்த மைக்குச் சத்தத்துல எனக்கே கேக்கல. மொத வரிசையில குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொரு கண்ணா பாத்தேன். ரெண்டாவது வரிசையும் பாத்தேன். ஒரு பிள்ள எந்திரிச்சு என்னம்மான்னு கேட்டுச்சு, அதுக்குள்ள அந்தோணி வாசல்ல நின்னுக்கிட்டுக் கையக் காட்டுனான், வந்துருங்க மதினி வந்துருங்கன்னு. அப்படியே திரும்பி ஓடிட்டேன்." அக்கா நிறுத்தியது. "அன்னிக்கி நீ அங்கன இல்லியோ?" என்றது.

இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தையோடு அக்கா தேடியது வீண் தேடலாகிவிடும், இல்லாதவளைத்தானே தேடினோம் என்று அதற்கு ஒரு சமாதானம் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும்.

"இருந்தேன்க்கா," என்றேன். "நாலாவது வரிசையில இருந்தேன்."